மஜ்ஜையில் குடியிருக்கும் பகை

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலையடிவாரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு, புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருகிறவர்களும், அரக்கோணம், காஞ்சிபுரம், சென்னைப் பக்கங்களிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வருகிறவர்களும், மஞ்சள் உடுத்துப் புஷ்பக் காவடி சுமந்து, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றென எண்ணப்படும் 365 படிகளையும் ஏறி, ஒரே சந்நிதியில் ஒரே பிரசாதத்தைக் கையேந்தி வாங்கி உண்ணும் காட்சி, மனித சரீரங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவைதாம் என்னும் எண்ணத்தை உண்டாக்கிவிடும். வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த இவ்வூரில், இன்றைக்கும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு ஒரு பாஷையிலும் பாதி மற்றொன்றிலுமாக நடக்கும். ஆனால் அபிஷேகப் பாலுக்கும், பஞ்சாமிர்தத்துக்கும், சுற்றுவட்டாரத்துப் புன்செய்களில் விளைந்து அடிவாரத்தில் பொட்டலமாக விற்கப்படும் வறுத்த வேர்க்கடலைக்கும் எல்லை ஏது? ஆயிரம் பேர் தொண்டையில் சுகமாக இறங்கிய அதே பாலும் அதே கடலையும் எவனோ ஒருவன் தொண்டையை மாத்திரம் அடைத்து, அவன் உயிருக்கே உலை வைக்குமானால், குற்றம் பாலில் இல்லை, கடலையிலும் இல்லை என்பது வெளிப்படை. ஒவ்வாமை என்னும் அந்தப் பகை அவன் சரீரத்தில் எங்கே குடியிருக்கிறது, அதை அங்கிருந்து கிளப்ப முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இத்தலத்தைப் பற்றி வழங்கும் ஐதிகங்களுள் ஒன்று முத்துசுவாமி தீட்சிதரைக் குறித்தது. தியானத்தில் அமர்ந்திருந்த அவரிடம் முதியவர் ஒருவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை நாவிலிட்டு மறைந்தாரென்றும், வந்தவன் முருகனே என்றுணர்ந்த தீட்சிதரிடமிருந்து முதற் கீர்த்தனம் அப்போதே பிறந்ததென்றும் சொல்வார்கள். சங்கீத ரசிகர்கள் இதில் குருவருளைக் காண்பார்கள். உடலியல் பயில்கிறவனுக்கு இன்னொன்றும் தோன்றும். முன்பின் அறியாதவர் கொடுத்ததை இன்னதென்று பாராமல் விழுங்குவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டுமோ அவ்வளவு நம்பிக்கையை நம்முடைய குடல் வேளைக்கு வேளை காட்டிவருகிறது. விரலில் ஒரு சிராய் ஏறினால் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கும் அளவுக்குக் கொதித்தெழுகிற நம் எதிர்ப்புச் சக்தி, பசுவின் புரதம், மீனின் புரதம், கடலையின் புரதம் என்று அந்நியப் பொருள்களை நாள்தோறும் பிடிபிடியாக உள்ளே அனுமதித்துவிட்டு வாளாவிருக்கிறது. இந்தப் பொறுமையைச் சிசுப் பருவத்திலேயே உணவைக் குடலின் வழியாகப் பழகிப் பழகிச் சரீரம் கற்றுக்கொள்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2015இல் லண்டனில் கிடியன் லாக் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி அவற்றுள் பிரசித்தமானது. ஒவ்வாமை வரக்கூடுமென்று அஞ்சப்பட்ட 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேர்க்கடலையை விலக்கியும் மற்றொன்றுக்கு இளமையிலேயே ஊட்டியும் பார்த்ததில், ஊட்டப்பட்ட குழந்தைகளிடமே அந்த ஒவ்வாமை பெரிதும் குறைந்திருந்தது.

பொறுமை குலைந்த சரீரத்தில் நடப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். உண்ட சில நிமிஷங்களுக்குள் உதடு தடித்து, உடலெங்கும் தடிப்புகள் தோன்றி, வயிறு முறுக்கி, மூச்சுக் குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் சரிந்து, ஆள் மயங்கி விழுகிறான்.

நம் நாட்டில் இதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டங்கள், சொறி சிரங்கு உள்ளவன் தொடலாகாது என்று நம் பாட்டிமார் விதித்த பத்தியத்தில் எவ்வளவு உண்மை என்பதை மைசூரில் சிலர் பரிசோதித்தே பார்த்தார்கள். 741 பேரைக் கத்தரிக்காய் விஷயமாக விசாரித்தும் தோலில் சோதித்தும் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அந்தக் காயினால் ஏதோ உபாதை உண்டு என்பது மெய்தான். ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் பேசுகிற வகையைச் சேர்ந்த ஒவ்வாமை நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் கத்தரிக்காயிலேயே இருப்பதால், பலருடைய உபாதைக்கு அதுவே போதுமான காரணம். பாட்டியின் கண் பார்த்ததில் பிழையில்லை, காரணந்தான் வேறு.

அதே மைசூரிலும் பெங்களூரிலும், ஐரோப்பிய நாடுகளின் கூட்டு முயற்சியில் மருத்துவர் பி. ஏ. மகேஷ் முதலியோர் நடத்தி 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் விசேஷமானது. சோதிக்கப்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு 26.5 பேருடைய இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஒவ்வாமைப் புரதம் காணப்பட்டது. அப்படியிருந்தும், உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கலாமென்று கொள்ளத்தக்கவர்கள் 1.2 பேரே. ஆக, அந்தப் புரதம் இரத்தத்தில் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. ஒரு சிமிழ் இரத்தத்தை வாங்கிக்கொண்டு எண்பது, நூறு பண்டங்களின் பெயரை வரிசையாக அச்சிட்டு எதிரே சிவப்புக் கோடு போட்டுத் தரும் சோதனைக்கூடங்கள் இன்று சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி, வளரும் குழந்தையின் இலையிலிருந்து பாலையும் பருப்பையும் முட்டையையும் நீக்கிவிடும் பெற்றோர்கள் செய்வது நன்மையன்று என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

அந்தப் புரதம் இருக்கிறதென்பதே ஒரு விசித்திரமான சோதனையால் முதலில் தெரியவந்தது. 1921இல், அக்காலத்து ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில், கார்ல் பிரவுஸ்னிட்ஸ் என்னும் மருத்துவர், சமைத்த மீனைத் தின்றால் உடல் தடித்துப்போகும் தம் சகாவான ஹைன்ஸ் கூஸ்ட்னருடைய இரத்தத்தின் தெளிநீரைச் சிறிதளவு எடுத்துத் தம்முடைய வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தைச் செலுத்தவே, மீன் என்றும் தீங்கு செய்தறியாத அவருடைய தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. பகை கூஸ்ட்னருடைய இரத்தத்தில் கலந்திருந்தது என்பதும், அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்தப்படத்தக்கது என்பதும் நிச்சயமாயின. அது இன்ன பொருள் என்று பிடிபட 45 ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாக்காவும் அவர் மனைவி தெருக்கோவும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் என்னும் இருவரும் 1966, 1967 ஆண்டுகளில் தனித்தனியே அதைக் கண்டறிய, 1968இல் இம்யூனோகுளோபுலின்-ஈ, சுருக்கமாக ஐ.ஜி.ஈ., என்ற பெயர் நிலைபெற்றது.

அந்நியப் பொருள்களை எதிர்க்கச் சரீரம் சுரக்கும் எதிர்ப்பொருள்களின் வகைகளுள் இதுவே அளவில் மிக அற்பமானது. தோலிலும் குடலிலும் மூச்சுக் குழலிலும் காத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் இது போய் ஒட்டிக்கொள்ளும். பகையான புரதம் வந்து தொட்டவுடன் அச்செல்கள் வெடித்தாற்போலத் தம்முள் உள்ள ஹிஸ்டமினையும் பிறவற்றையும் கொட்டும். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ளதே. ஆனால் இதற்குள் ஒரு புதிர் இருக்கிறது, அதைப் பல காலம் எவரும் தீர்க்கவில்லை. மற்ற எதிர்ப்பொருள்களில் பெரும்பான்மையான ஐ.ஜி.ஜி. இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு மூன்று வாரம் ஆகிறது, ஐ.ஜி.ஈ.யோ இரண்டே நாளில் பாதியாகிவிடும். மாஸ்ட் செல்லின்மேல் ஒட்டிக்கொண்டதுகூடச் சில வாரங்களுக்குமேல் தாங்குவதில்லை. இவ்வளவு அற்பாயுளுள்ள ஒரு பொருளால், ஐந்து வயதில் வேர்க்கடலை தின்று மூச்சடைத்தவனுக்கு, இடையில் அதை வாயாலும் தொடாமலிருந்தும், ஐம்பது வயதில் அதே கடலை அதே விபரீதத்தை எப்படி விளைக்க முடிகிறது?

இடையறாமல் சுரக்கிற ஊற்று ஒன்று எங்கோ இருக்கவேண்டும் என்பதே இதற்கு விடை. அப்படியோர் ஊற்று உண்டென்பதைத் துயரமான ஒரு நிகழ்ச்சியும் காட்டியது. வேர்க்கடலை ஒவ்வாமையால் இறந்துபோன 22 வயது இளைஞனுடைய ஈரலும் ஒரு சிறுநீரகமும் 35 வயதுள்ள ஒருவருக்குப் பொருத்தப்பட, முன்னர் வேர்க்கடலையைச் சௌக்கியமாகத் தின்றுவந்த அவர், மூன்று மாதங்களுக்குப்பின் அதைத் தின்றபோது ஒவ்வாமைக்கு ஆளானார். பிரெஞ்சு மருத்துவர்கள் 1997இல் இதை வெளியிட்டார்கள். உறுப்போடு உறுப்பாக, ஒவ்வாமையை உற்பத்தி செய்யும் செல்களும் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தன என்று கொள்வதே பொருத்தம்.

எதிர்ப்பொருளைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள். பி செல் என்னும் வெள்ளணு ஒன்று தனக்குரிய அந்நியப் பொருளைச் சந்தித்துக் கிளர்ந்தெழுந்தபின் எடுக்கும் கடைசி உருவம் இது. இனிப் பெருகுவதில்லை, அலைவதில்லை, ஒரே வகை எதிர்ப்பொருளை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் சுரந்துகொண்டிருப்பதே இதன் தொழில். இவற்றில் பல சில நாட்களில் மடிந்துவிடும். சில மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் இடம் பிடித்து ஆண்டுக்கணக்கில் ஜீவித்திருக்கும். குழந்தைப் பருவத்தில் ஒருமுறை வந்த தட்டம்மை மீண்டும் வராமலிருப்பதற்கு நாம் நன்றி சொல்லவேண்டியது இந்த மஜ்ஜைவாசிகளுக்குத்தான்.

இதுகாறும் வழக்கில் உள்ள சிகிச்சைகள் எவையும் இந்த ஊற்றைத் தொடுவதில்லை. பண்டத்தை விலக்கியிருப்பது ஒரு முறை. அணுவளவில் தொடங்கி மாதக்கணக்கில் அளவை ஏற்றி ஊட்டிப் பழக்குவது மற்றொன்று, நிறுத்தினால் பழக்கம் பலருக்கு நழுவிவிடும். ஆஸ்துமாவுக்கென்று 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2024 பிப்ரவரியில் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதிக்கப்பட்ட ஓமாலிசுமாப் என்னும் ஊசிமருந்து, இரத்தத்தில் திரியும் ஐ.ஜி.ஈ.யைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. தவறுதலாக உண்டுவிட்ட சிறிதளவு பண்டத்திலிருந்து இது பலரைக் காப்பது மெய்யே. ஆயினும் ஊற்றுக்கண் திறந்திருக்க, கிணற்று நீரை மட்டும் இறைத்துக்கொண்டேயிருப்பதற்கு இது ஒப்பாகும். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை ஊசி, காலம் உள்ளவரை ஊசி.

ஊற்றுக்கண்ணைத் தேடிய ஆராய்ச்சிகள் எலிகளிடத்தில் தொடங்கின. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். எலிக்கு இயல்பாக உணவு ஒவ்வாமை வருவதில்லை. வேர்க்கடலையை எவ்வளவு ஊட்டினாலும் அது தின்று கொழுக்குமேயொழிய மூச்சடைக்காது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் கடலைச் சத்தோடு காலரா கிருமியின் நஞ்சைத் துளியளவு கூட்டி ஊட்டி, அதன் குடலின் பொறுமையைக் கெடுக்கிறார்கள். அந்த நஞ்சு உண்டென்பதை 1959இல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்பு நாத் தே. காலராவில் உயிர் போவதற்குக் காரணம் தேடிய அவருடைய கண்டுபிடிப்பு, உலகத்தின் ஒவ்வாமைக் கூடங்களில் எலிகளை நோயாளிகளாக்கும் உபகரணமாகவும் ஆகும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். தம் வாழ்நாளில் தக்க கௌரவம் பெறாத அந்த விஞ்ஞானியை இவ்விடத்தில் நினைப்பது கடமை. நோயுற்ற எலி வாய்திறந்து சொல்லாதாகையால், அதன் உடல் உஷ்ணம் எவ்வளவு சரிகிறது என்பதைக் கொண்டே ஒவ்வாமையின் கடுமையை அளக்கிறார்கள். அன்றியும், மனிதனிடத்தில் ஐ.ஜி.ஈ. செய்கிற வேலையை எலியிடத்தில் ஐ.ஜி.ஜி.யும் செய்ய வல்லது. எலியில் கண்டதையெல்லாம் மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது என்பதற்கு இவை போதும்.

நியூயார்க் மாநிலத்தில் ரிஜெனரான் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனை, ஐ.ஜி.ஈ. சுரக்கும் செல்களும் அல்லாத செல்களும் தனித்தனியே அடையாளம் தெரியும்படி மரபணுவில் மாற்றிய எலிகளைக் கொண்டு நடந்தது. ஒவ்வாமைப் பொருளுக்குச் சிறிது காலமே ஆட்பட்ட எலிகளில் ஐ.ஜி.ஈ. செல்கள் நிணநீர் முடிச்சு முதலிய இடங்களில் தோன்றின. அவை சுரந்த ஐ.ஜி.ஈ.யோ மாஸ்ட் செல்களைத் தூண்டும் திறனற்றதாக இருந்தது. நீண்ட காலம் ஆட்பட்ட எலிகளில் கதை வேறு: முதலில் ஐ.ஜி.ஜி. வகையாக இருந்து பின்னர் ஐ.ஜி.ஈ. வகைக்கு மாறிய செல்களின் வழிவந்த பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் சென்று குடியேறி, நெடுநாள் வாழ்ந்து, உயிருக்கே ஆபத்தான ஐ.ஜி.ஈ.யைச் சுரந்தன. ஒவ்வாமையுள்ள மனிதர்களின் மஜ்ஜையிலும் இத்தகைய செல்கள் இருந்தன, ஒவ்வாமையற்றவர்களிடம் இல்லை. அவை சுரந்த ஐ.ஜி.ஈ.யை எலிக்குச் செலுத்தியபோது அதன் மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டன. மைசூர், பெங்களூர் ஆய்வில் பலர் இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. இருந்தும் நோயற்றிருந்தார்களே, அவர்களைப் பற்றிய புதிருக்கும் இது ஒரு குறிப்பைத் தருகிறது என்பது என் அபிப்பிராயம்: எல்லா ஐ.ஜி.ஈ.யும் ஒரே தரத்தினவல்ல.

இடம் தெரிந்தபின் அடிப்பது எப்படி? பிளாஸ்மா செல்லின் மேற்பரப்பில் பி.சி.எம்.ஏ. என்னும் புரதம் உண்டு. மஜ்ஜையின் புற்றுநோயாகிய மல்ட்டிப்பிள் மைலோமா என்பது பிளாஸ்மா செல்களே கட்டுமீறிப் பெருகும் நோயாதலால், அந்தப் புரதத்தை ஒரு கையாலும், கொல்லும் தொழிலுடைய டி செல்லை மற்றொரு கையாலும் பற்றி இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தும் இரட்டைக்கை எதிர்ப்பொருள்களை அந்நோய்க்கென்று ஏற்கெனவே சமைத்திருந்தார்கள். அதையே ஒவ்வாமைக்குப் பிரயோகித்துப் பார்த்த முடிவை ஆந்த்ரே லிம்நாண்டர் என்னும் ஆராய்ச்சியாளர் முதலியோர் 2023இல் வெளியிட்டார்கள். எலிகளுக்கு மருந்து செலுத்தியவுடன் மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் அழிந்தன, ஐ.ஜி.ஈ. விழுந்தது, மற்ற எதிர்ப்பொருள்களும் கூடவே விழுந்தன. ஆனால் மருந்தை நிறுத்தியதும் மற்றவற்றோடு ஐ.ஜி.ஈ.யும் விரைவிலேயே தலைதூக்கிவிட்டது.

இந்தத் தோல்வியே அந்த ஆராய்ச்சியின் சிறந்த பகுதி. ஊற்றுக்கண் ஒன்றல்ல, இரண்டு என்பதை அது காட்டிக்கொடுத்தது. மஜ்ஜையில் நெடுநாளாகச் சுரந்துகொண்டிருக்கும் செல்கள் ஒன்று. பகைப்பொருளை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஐ.ஜி.ஈ. வகையாக இன்னும் மாறாமல், மாறுவதற்கு ஆயத்தமாகக் காத்திருக்கும் நினைவுச் செல்கள் மற்றொன்று. அப்படி மாறுவதற்கு இன்டர்லூகின்-4 என்னும் தூதுப்பொருளின் உத்தரவு இன்றியமையாதது. அந்த உத்தரவை ஏற்கும் இடத்தை அடைத்துவிடும் வேறொரு மருந்து, கரப்பான் நோயின் கடுமையான வகைக்கும் ஆஸ்துமாவுக்குமாக முன்னமே வழக்கில் இருந்தது. தனித்துக் கொடுத்தால் அது ஐ.ஜி.ஈ.யை மெல்ல மெல்லக் குறைக்குமேயன்றி ஒழிப்பதில்லை. மஜ்ஜையில் ஏற்கெனவே குடியேறியவற்றை அது என் செய்யும்? இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் காரியம் பலித்தது. மற்ற எதிர்ப்பொருள்கள் மீண்டு வந்தன, ஐ.ஜி.ஈ. மாத்திரம் நெடுநாள் மீளவில்லை. ஒவ்வாமையூட்டப்பட்ட எலிகள் பகைப்பொருளைச் சந்தித்தும் விபரீதத்துக்கு ஆளாகவில்லை. குரங்குகளிடத்தும் மனிதரிடத்தும் திரட்டிய விவரங்கள் இந்த முடிவுக்கு அனுசரணையாகவே இருந்தன. கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் மனேல் ஜோர்டானாவின் குழு, ஒவ்வாமையின் ஞாபகத்தைச் சுமக்கும் அந்த நினைவுச் செல்களின் வகை இன்னதென்று 2024இல் அடையாளம் கண்டு வெளியிட்டது.

விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. பி.சி.எம்.ஏ.யைத் தேடிச் செல்லும் மருந்துக்கு ஐ.ஜி.ஈ. சுரக்கும் செல் இன்னது, தட்டம்மையிலிருந்து காக்கும் செல் இன்னது என்ற பேதம் தெரியாது. மஜ்ஜையில் உள்ள இரண்டையும் ஒருங்கே அழித்துவிடும். மற்ற எதிர்ப்பொருள்கள் திரும்பிவரும் வரையில் நோயாளி தொற்றுகளுக்குத் திறந்த வாசலாக இருப்பான்; டி செல்கள் வெறிகொண்டு எழுவதால் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் உண்டாவதும் மைலோமா சிகிச்சையில் கண்ட அனுபவம். பழைய தடுப்பூசிகளின் பயன் அத்தனையும் அப்படியே திரும்புமா என்பது எலியைக் கொண்டு தீர்மானிக்கத்தக்க கேள்வியன்று. மரணத்தின் வாயிலில் நிற்கும் புற்றுநோயாளிக்குத் தகுமென்று சொல்லக்கூடிய அபாயம், கடலையை விலக்கிச் சௌக்கியமாக வாழக்கூடிய பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தகாது. ஒரு சிறு கவனப்பிசகால் உயிர் போகும் நிலையில் உள்ள மிகச் சிலருக்கே இது சிகிச்சையாக ஆகக்கூடும், அவர்களுக்கும், ஐ.ஜி.ஈ. செல்லை மட்டும் பிரித்தறிந்து அழிக்கும் மருந்து வந்தால் அதுவே மேலானது. கடுமையான உணவு ஒவ்வாமையுள்ள வயது வந்தோர் சிலரிடத்தில் இந்த இரட்டை மருந்தைப் பரிசோதிக்கும் முதற்கட்ட முயற்சி 2024இல் தொடங்கியது. முதற்கட்டம் என்பது மருந்து பலிக்கிறதா என்பதைவிட, கொடுக்கத் தகுமா என்று பார்க்கும் கட்டம் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

அதுவரையில், அட்ரினலின் என்னும் பழைய, மலிவான மருந்து நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எதையேனும் உண்ட சிறிது நேரத்தில் தடிப்போடு மூச்சுத் திணறலோ, குரல் அடைப்போ, மயக்கமோ கண்டால், விபூதி இட்டுப் படுக்கவைத்தும் அரிப்பு மாத்திரை கொடுத்தும் காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்லுங்கள். உணவால் வந்ததென்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் செலுத்தும்படி கேளுங்கள். வயது வந்தோருக்கு அதன் அளவு அரை மில்லிகிராம்.